எழுத்து மீட்ட மனிதர்: மால்கம் எக்ஸ்

ஒருவன் சிறைக்குச் சென்று திரும்பினான் என்றால் ஊர் அதனை எளிதில் மறப்பதில்லை. வேலை கேட்டுச் சென்றால் கதவு சாத்தப்படும். பெண் கேட்டுச் சென்றால் பேச்சு மாறிவிடும். அவன் நம் தெருவைச் சேர்ந்தவனாயின், அவன் செய்த பிழை அவனோடு நில்லாமல் தெரு முழுவதன்மீதும் ஏற்றிப் பேசப்படும். இதனை அறியாதார் நம்மில் எவருமிலர். ஆதலின் நாமும் அத்தகையோரைக் கண்டால் விலகி நடக்கப் பழகிவிட்டோம். படித்து முன்னேறிய குடும்பத்தினர் இன்னும் ஓரடி கூடுதலாகவே விலகுகின்றனர்.

நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில், கல்வியால் உயர்ந்த சான்றோர் பலரைப் பற்றி அன்பர்கள் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்டவரோ திருடியவர், போதைப்பொருள் விற்றவர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படியாதவர். அவரே பின்னாளில் ஓர் இனத்தின் குரலாக உலகெங்கும் மதிக்கப்பட்டார். அமெரிக்க நாட்டின் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் என்பாரே அவர். அவர் வீழ்ந்த விதத்தையும் எழுந்த விதத்தையும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

1925ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் கிறித்தவ சமயப் பிரசங்கியார். கறுப்பின மக்கள் தம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என முழங்கிய மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் அவர் முனைந்து உழைத்தார். தாய் லூயிஸ், கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவில் பிறந்தவர், கல்வியறிவு உடையவர். இவ்விருவருக்கும் பிறந்த ஏழு மக்களில் மால்கம் நான்காமவர்.

இயக்கப் பணியின் காரணமாக வெள்ளை நிறவெறியரின் பகை அக்குடும்பத்தைத் தொடர்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகருக்குக் குடிபெயர்ந்தும் அது ஓயவில்லை. 1929ஆம் ஆண்டில் அவர்தம் வீடு தீக்கிரையாயிற்று. 1931ஆம் ஆண்டில், மால்கமுக்கு ஆறு வயதாகும்போது, தந்தையார் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அரசுத் தரப்பில் அதனை விபத்து என்றனர். குடும்பத்தாரோ நிறவெறியர் செய்த கொலை என்றே இறுதிவரை நம்பினர். தற்கொலை என்று காரணம் காட்டி, காப்பீட்டுத் தொகையின் பெரும்பகுதியும் மறுக்கப்பட்டது.

கைம்பெண்ணான தாய் கிடைத்த வேலைகளைச் செய்து மக்களைக் காக்க முயன்றார். அவர் கறுப்பினத்தவர் எனத் தெரியவந்ததும் வேலையினின்று நீக்கப்பட்டதும் உண்டு. பசியும் அவமானமும் சேர்ந்து அவர் மனநலத்தைக் குலைத்தன. 1939ஆம் ஆண்டில் அவர் அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் அங்கேயே கழித்தார். குழந்தைகள் திசைக்கொருவராகப் பிரிக்கப்பட்டு அயலார் வீடுகளில் வளர்ந்தனர். குற்றவாளி ஒருவனைக் காணும்போது அவன் செய்த குற்றத்தை மட்டும் காண்கிறோம். அவன் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்த வழியைக் காண்பதில்லை. அந்த வழியை ஓரளவேனும் காட்டவே இவற்றை விரித்துரைத்தோம்.

ஆசிரியர் சொன்ன ஒரு சொல்

இத்துணை இன்னல்களுக்கிடையிலும் மால்கம் நன்றாகப் படித்தார். மேசன் என்னும் ஊரின் பள்ளியில் வெள்ளை மாணவரே நிறைந்திருந்தனர். அங்கே ஏழாம் வகுப்பில் அவர் வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மதிப்பெண்களும் உயர்ந்தவையே.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள், ஆங்கில ஆசிரியர் அவரிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டார். வழக்கறிஞர் ஆக விரும்புவதாக மால்கம் விடையளித்தார். ஆசிரியர் புன்னகைத்தார். நடக்கக்கூடியதை எண்ண வேண்டும் என்றும், கறுப்பினத்தவனுக்கு அது ஏற்ற குறிக்கோளன்று என்றும், கைத்திறன் இருப்பதால் தச்சுத்தொழில் கற்கலாம் என்றும் அறிவுரை கூறினார். அவ்விடத்தில் அவர் சொன்ன இனப்பெயர் இழிவுச் சொல்லாகும். அதே வகுப்பில் மால்கமைவிடக் குறைவாகப் படித்த வெள்ளை மாணவர்களிடம், அவர்கள் விரும்பியதெல்லாம் ஆகலாம் என்று அவரே ஊக்கம் அளித்தார். அன்றே மால்கமின் உள்ளம் பள்ளியை விட்டு வெளியேறியது. எட்டாம் வகுப்போடு படிப்பு முற்றுப்பெற்றது.

இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் குன்றிப்போகிறது. அந்த ஆசிரியர் மால்கமை வெறுத்தவரல்லர். நல்லெண்ணத்தோடுதான் பேசினார் என மால்கமே பின்னாளில் எழுதினார். நாம் பணியில் சேர்ந்த புதிதில், நம் இனத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் கல்லூரியில் சேர்ந்து படிக்க விரும்புவதாகக் கூறினான். தந்தை செங்கல் சூளைத் தொழிலாளி. வீட்டில் உண்பதற்கே வழியில்லை. "தம்பி, உன் வீட்டு நிலைமைக்கு அதெல்லாம் ஆகாது, சீக்கிரம் ஒரு தொழில் கற்றுக்கொள்" என்று கனிவோடுதான் கூறினோம். அடுத்த மாதம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. நாமும் தேடிச் செல்லவில்லை. பிற இனத்தார் ஒருவர் அச்சொல்லைக் கூறியிருப்பின் அதனைச் சாதித்திமிர் என்று கண்டித்திருப்போம். நம் வாயிலிருந்தே அது வந்தபோது அறிவுரை என எண்ணிக்கொண்டோம். கடுஞ்சொல்லைக் கேட்ட பிள்ளை சில நேரம் எதிர்த்து நிற்கும். கனிவாகச் சொன்ன தடைக்கு அது பணிந்துவிடுகிறது.

வீழ்ச்சி

1941ஆம் ஆண்டில் மால்கம், தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த தமக்கையார் எல்லாவிடம் பாஸ்டன் நகருக்குச் சென்றார். நடன மண்டபத்தில் காலணிகளுக்கு மெருகிடும் வேலை, புகைவண்டியில் உணவு விற்கும் வேலை எனப் பலவும் செய்தார். பின்னர் நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியை அடைந்தார். அங்கே சூதாட்டச் சீட்டு, போதைப்பொருள் விற்பனை, வழிப்பறி ஆகிய தீய தொழில்கள் அவரைப் பற்றிக்கொண்டன. தாமும் போதைக்கு அடிமையானார். மீண்டும் பாஸ்டன் சென்று, கூட்டாளிகளுடன் சேர்ந்து வீடுகளில் புகுந்து திருடினார்.

திருடிய கைக்கடிகாரம் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, அதனைத் திரும்பப் பெறச் சென்ற இடத்தில் 1946ஆம் ஆண்டு சனவரியில் காவலர் அவரைப் பிடித்தனர். எட்டு முதல் பத்தாண்டுகள் வரை சிறை என்பது தீர்ப்பு. அப்போது அவருக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை.

இக்குற்றங்களை நாம் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. தம் வரலாற்றை எழுதும்போது தம் தீமைகளை விரிவாகவே எழுதினார். சிலவற்றைச் சற்று மிகைப்படுத்தியும் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வறுமையும் நிறவெறியும் அவரை அந்தத் தெருவில் கொண்டுவந்து விட்டன என்பது உண்மை. எனினும் அவர் கைகளால் துன்புற்ற ஏழைகளும் இருந்தனர் என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சிறையும் அகராதியும்

அவர் அடைக்கப்பட்ட சார்ல்ஸ்டவுன் சிறை 1805ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அறைகளில் தண்ணீர்க் குழாய் இல்லை. மலங்கழிக்க ஒரு மூடிய வாளி மட்டுமே உண்டு. அங்கே முதலாண்டு முழுதும் அவர் எல்லாரையும் ஏசிக்கொண்டே இருந்தார். கடவுளையும் விவிலியத்தையும் பழித்தமையால் சக கைதிகள் அவருக்குச் 'சாத்தான்' எனப் பெயரிட்டனர். சிறை அதுவரை அவரைச் சிறிதும் திருத்தவில்லை.

அச்சிறையில் ஜான் எல்ட்டன் பெம்ப்ரி என்னும் மூத்த கறுப்பினக் கைதி ஒருவர் இருந்தார். அவர் சிறை நூலகத்தின் நூல்களைப் படித்துப் படித்து அறிவு நிரம்பியவர். அவர் பேசத் தொடங்கினால் காவலரும் நின்று கேட்பர். தீய சொல் ஒன்றும் கலவாமல் ஒருவர் சொல்லாலேயே மதிப்புப் பெறுவதை மால்கம் முதன்முதலாகக் கண்டார். ஒரு நாள் பெம்ப்ரி அவரிடம், உனக்கு மூளை இருக்கிறது, அதனைப் பயன்படுத்து என்ற கருத்துப்படப் பேசி, அஞ்சல்வழிப் பாடங்களையும் நூலகத்தையும் நாடுமாறு கூறினார். பள்ளியில் ஆசிரியர் சொல்லத் தவறிய சொல்லைச் சிறையில் ஒரு கைதி சொன்னார்.

1948ஆம் ஆண்டில், தமக்கையாரின் முயற்சியால், மால்கம் நார்ஃபோக் சிறைக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார். கைதிகள் கல்வியால் திருந்த வேண்டும் என்ற நோக்குடன் அமைக்கப்பட்ட சிறை அது. பார்க்ஹர்ஸ்ட் என்னும் செல்வர் வழங்கிய நூல்களும் அங்கே பெருந்தொகையாக இருந்தன.

ஆயினும் நூலைத் திறந்தால் பொருள் விளங்கவில்லை. தெருவில் பேசிப் பழகிய மொழி வேறு. நூலின் மொழி வேறு. ஒவ்வொரு தொடரிலும் அறியாச் சொற்கள் நிறைந்திருந்தன. கடிதம் எழுத முயன்றால் கையெழுத்து கோடு தப்பிச் சென்றது. எனவே அகராதி ஒன்றையும், தாள்களையும், எழுதுகோல்களையும் சிறைப் பள்ளியில் கேட்டுப் பெற்றார். இரண்டு நாள் பக்கங்களை வெறுமே புரட்டினார். எச்சொல்லை முதலில் கற்பது எனத் தெரியவில்லை. முடிவில் முதற்பக்கத்தை அப்படியே பார்த்து எழுதத் தொடங்கினார். நிறுத்தற் குறிகளையும் விடாது எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆயிற்று. எழுதியதை உரக்கப் படித்தார். மறுநாள் எழுந்தபோது அச்சொற்கள் நினைவில் நின்றன. உடனே அடுத்த பக்கம். இவ்வாறே அகராதி முழுவதையும் எழுதி முடித்தார்.

பின்னர் அவரைத் தடுப்பார் இல்லை. இரவு பத்து மணிக்கு விளக்குகள் அணைக்கப்படும். தாழ்வாரத்திலிருந்து அறைக்குள் விழும் மங்கிய ஒளியில் தரையில் அமர்ந்து படிப்பார். மணிக்கொரு முறை காவலர் வரும் காலடியோசை கேட்டதும் படுக்கையில் பாய்ந்து உறங்குவதுபோல் கிடப்பார். அவர் சென்றதும் மீண்டும் படிப்பார். இரவில் மூன்று நான்கு மணி நேரமே உறக்கம். அதனால் கண்பார்வை கெட்டு, வாழ்நாள் முழுதும் கண்ணாடி அணிய நேர்ந்தது. எச். ஜி. வெல்ஸ், வில் டியூரண்ட் ஆகியோரின் உலக வரலாறுகளையும், டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ், கார்ட்டர் உட்சன் ஆகிய கறுப்பினப் பேரறிஞரின் நூல்களையும் கற்றார். தம் இனத்தின் வரலாறு அடிமைத்தனத்தில் தொடங்கவில்லை என்பதை அப்போது உணர்ந்தார். சிறையின் வாராந்தரச் சொற்போரில் பங்குகொண்டு பேச்சுத்திறனும் வளர்த்தார்.

இக்காலத்தில் அவருடைய உடன்பிறந்தார் வழியாக 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்னும் கறுப்பினச் சமய இயக்கம் அவருக்கு அறிமுகமாயிற்று. அதன் தலைவர் எலைஜா முகம்மதுக்கு நாடோறும் கடிதம் எழுதினார். மது, போதை, புகை, சூது அனைத்தையும் கைவிட்டார். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், ஆறரை ஆண்டுச் சிறைவாசத்துக்குப்பின் நன்னடத்தை நிபந்தனைகளுடன் விடுதலையானார். வெளியே வந்ததும் அவர் வாங்கிய பொருள்கள் மூன்று: நல்ல மூக்குக்கண்ணாடி, பயணப் பெட்டி, கைக்கடிகாரம். திருடிய கடிகாரத்தால் சிறை புகுந்தவர், தம் பணத்தில் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொதுப்பணி

டிட்ராய்ட் நகரில் கடையிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக்கொண்டே இயக்கப் பணி ஆற்றினார். 'லிட்டில்' என்பது தம் முன்னோரை அடிமைகொண்டவர் இட்ட பெயர் என்பதால் அதனை நீக்கினார். இழந்துபோன ஆப்பிரிக்கக் குடிப்பெயருக்கு அடையாளமாக, கணக்கில் அறியப்படாத எண்ணைக் குறிக்கும் 'எக்ஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். பெயரிலேயே இழிவைச் சுமந்து வந்த நம் முன்னோர் கதை அறிந்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

1954ஆம் ஆண்டில் ஹார்லம் பள்ளிவாசலின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பு எந்தத் தெருக்களில் போதைப்பொருள் விற்றாரோ அந்தத் தெருக்களுக்கே தொண்டராகத் திரும்பினார். குடிகாரர், போதைக்கு அடிமையானோர், சிறை மீண்டோர் ஆகியோரைத் தேடிச் சென்றார். போதையிலிருந்து மீண்டவரே போதையிலிருப்பவரிடம் சென்று பேசி, உடனிருந்து காத்து மீட்கும் முறையை அவ்வியக்கம் கையாண்டது. படிப்பும் பட்டமும் பெற்றவர் செல்ல அஞ்சும் இடங்களில் அவர் சொல் எடுபட்டது. அவ்விடத்தில் தாமும் கிடந்தவர் என்பதே அதற்குக் காரணம்.

1957ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹின்ட்டன் என்னும் இயக்க உறுப்பினர், காவலர் வேறொருவரை அடிப்பதைத் தட்டிக்கேட்டார். காவலர் அவர் தலையைத் தடியால் பிளந்து காவல் நிலையத்தில் அடைத்தனர். மால்கம் தொண்டர்களுடன் நிலையத்தின் முன் அணிவகுத்து நின்றார். பெருங்கூட்டம் திரண்டது. காயமுற்றவர்க்கு மருத்துவம் உறுதியான பின்னரே அவர் கையை அசைத்தார். அத்தனை பேரும் ஓசையின்றிக் கலைந்து சென்றனர். ஒருவர்மீதும் ஒரு கல்லும் விழவில்லை. ஹின்ட்டனுக்குப் பின்னர் நீதிமன்றம் 70,000 டாலருக்குக் குறையாத இழப்பீடு வழங்கியது. சினத்தைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்துவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

பிழை உணர்தல்

அவருடைய கொள்கை முழுவதையும் நாம் ஏற்றுப் பேசவில்லை. வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே தீயோர் என்று அவ்வியக்கம் போதித்தது; அவரும் பன்னிரண்டு ஆண்டுகள் அதனையே முழங்கினார். பிறப்பினால் ஒருவரை இழிந்தவர் எனக் கூறும் கொள்கையால் நூற்றாண்டுகளாகத் துன்புற்ற நாம், அதே அளவுகோலைத் திருப்பிப் பிடிப்பதை ஏற்க இயலாது.

அக்காலத்தில் வெள்ளையினக் கல்லூரி மாணவி ஒருத்தி அவரைத் தேடி வந்தாள். கறுப்பின மக்களுக்காகத் தான் என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஒன்றும் செய்ய முடியாது என ஒரே சொல்லில் விடையளித்தார். அவள் அழுதுகொண்டே சென்றாள். எட்டாம் வகுப்பில் தமக்கு மூடப்பட்ட கதவை அவரே மற்றொருவர்க்கு மூடினார். பின்னாளில் அதனை எண்ணி மிகவும் வருந்தினார்.

எலைஜா முகம்மதின் தனி ஒழுக்கம் பற்றி அறிந்த உண்மைகளாலும், பிற வேறுபாடுகளாலும் 1964ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்வியக்கத்தை விட்டு விலகினார். அதே மாதம் 26ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அவர்களை வாஷிங்டனில் சந்தித்தார். அவ்விருவரும் நேரில் கண்டது அந்த ஒரு முறையே.

ஏப்ரலில் மக்காவுக்குப் புனிதப் பயணம் மேற்கொண்டார். அங்கே எல்லா நிறத்தினரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே குவளையில் நீர் அருந்திப் பழகுவதைக் கண்டார். வெள்ளை நிறத்தவரும் தம்மைச் சகோதரராக நடத்தியது அவர் நெஞ்சை உலுக்கியது. தம் பழைய கருத்து தவறு என்று வெளிப்படையாகவே கடிதம் எழுதி உலகுக்கு அறிவித்தார். இரட்டைக் குவளைத் தேநீர்க் கடைகளைக் கண்ட நாட்டினர் நாம்; ஒரே குவளை ஒரு மனிதரை மாற்றியதில் நமக்கு வியப்பில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் மேடையில் முழங்கியதைத் தவறு என ஒப்புக்கொள்ளச் சிறைவாசத்தைப் பொறுப்பதினும் மிகுந்த துணிவு வேண்டும்.

திரும்பி வந்து, அவ்வாண்டு சூனில் ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமை அமைப்பைத் தோற்றுவித்தார். வாக்காளர் பதிவு, பள்ளிகளின் மேம்பாடு, குடியிருப்பு, போதை மீட்பு ஆகியவை அதன் திட்டங்கள். கறுப்பின மக்கள்மீதான கொடுமையை மனித உரிமை மீறலாக ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைக்கவும் முயன்றார். டிசம்பர் 3ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் மன்றத்தின் புகழ்மிக்க சொற்போரில் பேசினார். நார்ஃபோக் சிறையில் பேசிப் பழகிய எட்டாம் வகுப்பு மாணவர் ஆக்ஸ்ஃபோர்டு மேடையில் நின்றார். பிரித்தானியத் தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது.

இறுதி நாட்கள்

1965ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்மெத்விக் என்னும் தொழில்நகருக்குச் சென்றார். அங்கே குடியேறிய இந்தியரும் கரீபியரும் நிறவெறியால் அல்லலுற்றனர். மார்ஷல் தெருவில் விலைக்கு வரும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையர்க்கு மட்டும் வழங்க வேண்டும் எனக் கோரிக்கை எழுந்திருந்தது. அவரை அழைத்தவர்கள் இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர். இந்திய உழைப்பாளரின் துயரைக் காண அந்தத் தெருவில் அவர் நடந்தார்.

அமெரிக்கா திரும்பியதும், பிப்ரவரி 14ஆம் நாள் அதிகாலையில் அவர் வீட்டின்மீது தீக்குண்டுகள் எறியப்பட்டன. மனைவி மக்களுடன் உயிர் தப்பினார். பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கின் ஆடுபோன் மண்டபத்தில் பேசத் தொடங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கருவுற்றிருந்த மனைவியும் பெண்மக்களும் அவ்வரங்கிலேயே இருந்தனர். வயது 39. அவர் குடும்பத்துக்கென விட்டுச்சென்ற செல்வம் ஏதுமில்லை. அவர் கூற அலெக்ஸ் ஹேலி எழுதிய தன்வரலாறு அவ்வாண்டிலேயே வெளிவந்து உலகெங்கும் பரவியது.

ஆறு பெண்மக்களை வளர்த்த அவர் துணைவியார் பெட்டி ஷபாஸ், தாமும் விடாது படித்து 1975ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரியில் பணியாற்றினார்.

அக்கொலை வழக்கில் 1966ஆம் ஆண்டு மூவர் தண்டிக்கப்பட்டனர். அவருள் இருவர் குற்றமற்றவர் என 2021ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அறிவித்தது. அவ்விருவரும் தலைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைச் சிறையில் இழந்திருந்தனர். ஒருவர் தீர்ப்பு மாறும் முன்னரே இறந்துபோனார். சிறையில் இருப்போர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நமக்கு உரியது யாது?

அமெரிக்க மண்ணில் நடந்தது நமக்கெதற்கு எனச் சிலர் வினவலாம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம், ஹார்லத்தை ஒட்டியே அமைந்துள்ளது. மால்கம் சிறை புகுந்த அதே 1946ஆம் ஆண்டில், அண்ணல் அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கும் விண்ணப்பத்தின் படியைக் கேட்டு, தீண்டப்படாத மக்களும் அவ்வழியில் செல்ல எண்ணுவதைத் தெரிவித்தார். அந்த டூபாய்ஸின் நூலையே மால்கம் தாழ்வாரத்து ஒளியில் படித்தார். மால்கமின் சிந்தனையால் உரம்பெற்ற கருஞ்சிறுத்தைகள் கட்சி 1966ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் தாக்கத்தால் 1972ஆம் ஆண்டில் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தது. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

நம் நாட்டின் சிறைகளையும் எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் வகுப்பினர் 16.6 விழுக்காட்டினர். சிறைகளில் இருப்போரில் அவர்தம் பங்கு அதனினும் கூடுதல் என்று அரசின் புள்ளிவிவரங்களே கூறி வந்துள்ளன. சாதியைப் பார்த்துத் துப்புரவு வேலை ஒதுக்கும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் நீடித்திருந்தன. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள்தான் உச்சநீதிமன்றம் அவை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. சிறைக்குள்ளும் சேரி இருந்தது என்பதே அதன் பொருள்.

முடிவுரை

அன்புக்குரிய இளைஞர்களே! மால்கம் அகராதியை எழுதியதைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாதீர். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்பது எவர்க்கும் இயலும் அளவே. ஆங்கிலம் வரவில்லை என்று ஒதுங்கும் தம்பியும் தங்கையும் ஓர் அகராதியும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு இன்றே தொடங்கலாம்.

சங்கத்தின் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசும் உதவித்தொகையும் வழங்கி வந்துள்ளோம், அது தொடரட்டும். ஆனால் இடையில் படிப்பை விட்டவனும், குடியில் வீழ்ந்தவனும், வழக்கில் சிக்கிச் சிறை சென்று மீண்டவனும் நம் படிப்பகத்தின் வாயிலில் தயங்கி நின்று திரும்பிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களை உள்ளே அழைக்க ஒருவர் வேண்டும். அந்தக் கைதி பெம்ப்ரிக்குப் பட்டமில்லை, பதவியில்லை; உனக்கு அறிவு இருக்கிறது என்று ஒருவனிடம் சொல்லும் மனம் இருந்தது. அச்சொல் வீண்போகவில்லை.

செங்கல் சூளைத் தொழிலாளியின் மகனுக்கு அன்று நாம் அச்சொல்லைச் சொல்லவில்லை. அக்கடன் இன்னும் நம்மேல் இருக்கிறது. வெள்ளி விழா முடிந்த மறுநாள் முதல், வாரத்தில் இரண்டு மாலைகள் படிப்பகத்தில் அமர்ந்து, வயதும் கடந்தகாலமும் கேளாமல், வருவோர்க்கு எழுத்தும் சொல்லும் கற்பிக்க முடிவு செய்துள்ளோம். படித்த அன்பர்கள் உடன் வருக! தயங்கி நிற்போர் உள்ளே வருக!